முதல் நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

ஆய்வகத்தில் நித்யஸ்ரீக்குப் பேச்சுத் துணை ஹாரிகா ஒருத்திதான். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய எலிகளின் ஈரலைச் சீவி, சாயமேற்றிப் படமெடுத்திருந்தார்கள். நானூற்றிருபது படங்கள். ஒவ்வொன்றிலும் ஒளிரும் செல்களை மென்பொருளில் எண்ணி, ஒட்டிக்கிடப்பவற்றைக் கையால் பிரிப்பது நித்யஸ்ரீயின் வேலை. எந்தப் படம் மருந்து தின்ற எலியுடையது என்ற பட்டியல் ஹாரிகாவிடம் இருந்தது. எண்ணுகிறவளுக்கு அது தெரியக்கூடாது; தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும்.

“எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுபோடுவ அம்மணி. எண்ணி முடிக்கற வரைக்கும் நாம டூ,” என்று சொல்லிவிட்டு ஹாரிகா மாடி அறைக்குப் போய்விட்டாள். மூன்று வாரமாக நித்யஸ்ரீ தனியாகவே சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை எண்ணி முடியும். அன்று சாயங்காலம் இருவரும் காந்திபுரத்தில் தள்ளுவண்டிக் காளான் சாப்பிடுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை ஹாரிகா புது வேலைக்கு ஹைதராபாத் போகிறாள்.

புதன்கிழமை பழைய பதிவுகளைச் சரிபார்த்தபோது நித்யஸ்ரீ தன் தவறைக் கண்டாள். எவ்வளவு பிரகாசமான புள்ளியைச் செல்லாகக் கொள்வது என்பதற்கு எல்லாப் படங்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும். முதல் நூற்றுப் பன்னிரண்டு படங்களில் ‘ஆட்டோ’ கட்டத்தின் டிக்கை அவள் எடுக்கவில்லை. மென்பொருள் படத்துக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு, மங்கலான படங்களில் தூசியையும் சேர்த்து எண்ணியிருந்தது.

திரும்ப எண்ண நாலு நாளாகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஆய்வகத் தலைவர் லட்சுமணசாமி சாரிடம் போய்ச் சொன்னாள். “திங்கக்கெழம குடுங்க, போதும்,” என்றார் அவர்.

மறுநாள் ஹாரிகா வாசலில் வந்து நின்றாள். “முடிஞ்சுதா?”

“இல்ல. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். மறுபடி எண்ணோணும்.”

“எத்தன?”

“நூத்திப் பன்னெண்டு.”

ஹாரிகா சட்டென்று முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நல்லா மாட்டுன போ. பட்டியல சார்கிட்ட குடுத்துபோட்டுப் போறேன். நேரத்துக்குச் சோறு தின்னு. வாரேன்.”

காளான் மட்டுமாவது சாப்பிட்டு வரலாமே என்று நித்யஸ்ரீ கேட்பதற்குள் செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

சனிக்கிழமை வாட்ச்மேன் மயில்சாமி வந்து கதவைத் திறந்துவிட்டார். “ஏனுங்கம்மணி, இன்னைக்கு லீவாச்சுங்களே?”

“கொஞ்சம் பாக்கி இருக்குதுங்கண்ணா.”

“கூட இருக்கற புள்ள வரலீங்களா?”

“அவங்க ஊருக்குப் போயிட்டாங்க.”

மின்விசிறியைப் போட்டுவிட்டு அவர் போனார். நித்யஸ்ரீ எல்லாப் படங்களுக்குமான அந்த ஒரே எண்ணைத் தட்டி, சரிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அறுபத்தோராவது படத்தைத் திறந்தாள்.