ஒரு முழத்துக்குள்

வெங்காயக் கூடை மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியும் கையுமாக அங்கேயே போய் நின்றிருப்பார்கள். அவள் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய், மடி நிறைய வெங்காயத்தை அள்ளிக்கொண்டு வந்து, நின்ற இடத்திலேயே நின்று நறுக்கினாள். தீர்ந்ததும் மறுபடி போனாள், மறுபடி வந்தாள். முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. கத்தி பலகையைத் தாண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவில்லை. ஆனாலும் என்ன வேகம்! பக்கத்தில் இருந்தவள் ஒன்றை உரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் இவள் பலகையில் ஒரு குவியல் சேர்ந்துவிடும்.

பக்கத்தில் இருந்தவளுக்கு அந்த மருத்துவமனைச் சமையலறையில் ரேடியோ என்று பெயர். காலையில் தலைக்குத் துணி கட்டும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் அதை அவிழ்க்கும்வரை நிற்காது. தன் மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அடுத்தவர் மனதிலும் ஒன்றும் தங்க விடமாட்டாள்.

"அக்கா, நானும் நீங்க வந்த நாள்லேருந்து பாக்கறேன். உங்க கத்தியை மட்டும் யாராவது மேசையோட கட்டிப் போட்டிருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்புப் பக்கம் நின்ற மாஸ்டர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிக்காதவர் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

உண்மையிலேயே கட்டித்தான் போட்டிருந்தார்கள். அவள் சமைக்கக் கற்றுக்கொண்ட சிறைச்சாலையில் ஒவ்வொரு கத்தியும் மேசையில் அடித்த வளையத்தோடு சங்கிலியில் கிடக்கும். சங்கிலி போகிற தூரம்தான் கை போகிற தூரம். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்ட கைக்கு, விடுதலையான செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வெளியே வந்தபின் வேலை கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் நன்றாகத்தான் பேசினார்கள். 'நடுவுல இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?' என்கிற இடம் வந்ததும் நாற்காலியில் லேசாகப் பின்னால் சாய்வார்கள். அவளுக்கு அது போதும், எழுந்துவிடுவாள். பிறகுதான் விடுதலையானவர்களுக்குப் பாடம் நடத்துகிற ஓர் இடம் தெரியவந்தது. அங்கே ஒரு டீச்சர் இருந்தார். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடுவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, கதவைத் திறக்க இன்னொருவர் வரும்வரை காத்து நிற்காமலிருப்பது, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். "கேட்டா பொய் சொல்லாதீங்க. கேக்காததை நீங்களா போய்ச் சொல்லவும் வேணாம்" என்பார்.

இந்த மருத்துவமனையின் மேனேஜரம்மா முதலில் சமைக்க வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். பழைய கதையை அப்புறம்தான் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். மூணு மாசம் பாப்போம். கிச்சன்ல எல்லாரும் ஒத்துப்போறாங்கன்னு மாஸ்டர் சொல்லிட்டா வேலை நிரந்தரம்" என்றார். அந்த மூன்று மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது.

மதியம் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பெரியவர் அங்கே அவளுக்காகவே காத்திருந்தவர்போல நின்றிருந்தார்.

"உங்க பக்கம் சங்கிலி எவ்வளவு நீளம்?"

வாளியைக் கீழே வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. "ஒரு முழம் இருக்கும்."

"எங்க பக்கமும் அதேதான்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் இங்கே சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் படித்தார்கள், மருமகன் வந்தார். ஒருவருக்கும் தெரியாது. கத்தி இருக்கிற பக்கமே போகாமல், தொட்டிக்கு முன்னாலேயே காலத்தை ஓட்டிவிட்டார்.

"நீ போயிடும்மா." குரலில் கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு இன்னைக்குச் சிரிச்சா. நாளைக்கு யோசிப்பா. உன்னைத் தோண்ட ஆரம்பிச்சா அப்படியே என்கிட்டயும் வந்து நிப்பாங்க. உனக்காவது சொல்லிக்குடுக்க இப்பல்லாம் டீச்சருங்க இருக்காங்க. இந்தத் தொட்டியை விட்டா எனக்கு யார் இருக்கா?"

"எனக்கும் இதை விட்டா போக்கிடம் இல்லைண்ணே."

"அப்ப கையையாவது நீட்டி வெட்டிப் பழகு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் நீட்டிப் பார்த்தாள். முழங்கையை விலாவிலிருந்து பிரித்து, கத்தியைக் கேரட் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போனாள். கை தன்னுடையது மாதிரியே இல்லை. இரண்டாவது கேரட்டில் விரலை வெட்டிக்கொண்டாள்.

"அய்யோ, என்னக்கா இது!" ரேடியோ ஓடிவந்து விரலைப் பிடித்துக் குழாயடியில் காட்டி, தலைத்துணியைக் கிழித்துக் கட்டத் தொடங்கினாள். "இத்தனை நாள் ஒரு கீறல் உண்டா? நான் விளையாட்டுக்குச் சொன்னேன்னு மாத்தி வெட்டினீங்களா? ரோஷம் வேற!" பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றுபோனாள். யோசித்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு முன்னாடி எங்கக்கா வேலை பாத்தீங்க?"

'ஒரு ஹாஸ்டல்ல' என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பாத்திரத் தொட்டியில் தேய்க்கிற சத்தம் குறைந்தது.

"வேலை பாக்கலை. ஜெயில்ல இருந்தேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்காரரு அடிக்க வந்தாரு. படியில தள்ளிவிட்டேன். அவரு எழுந்திருக்கலை."

பாதி போட்ட முடிச்சோடு ரேடியோவின் விரல்கள் அப்படியே நின்றன. பிறகு முடிச்சை ஒழுங்காகப் போட்டு முடித்துவிட்டுத்தான் கையை விட்டாள்.

"மேனேஜரம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர்."

"இங்க வேற யாருக்கு?"

"வேற யாருக்கும் தெரியாது" என்றாள். அங்கே சேர்ந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய் அது.

நோயாளிகளுக்கு சூப் போகிற நேரமாகிவிட்டது. பெரிய பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கக் கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள். தினமும் மறுபக்கம் பிடிப்பவள் ரேடியோதான். அவள் இப்போது காய்ந்த கையையே துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் அடுப்பின் தீயைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார்.

குழாய் நின்றது. பெரியவர் முழங்கைவரை நுரையோடு வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். வெறும் கையால் பிடித்தார்.

"தூக்கு" என்றார்.

"அண்ணே, சூடு! துணியை வாங்கிக்குங்க!" என்று கத்திக்கொண்டு ரேடியோ ஓடிவந்தாள். வாங்கிக்கொள்ள இரண்டு பேருக்குமே கை இல்லை. தளும்பும் சூப்பைப் பார்த்தபடி அவர்கள் சிறு சிறு அடியாக எடுத்து வைத்தார்கள். துணியை நீட்டிய கையை மடக்காமல், வாய் திறக்காமல், ரேடியோ கூடவே நடந்தாள்.