மதிக்கு ஒரு பேனர்

என் மகள் மதி கம்ப்யூட்டரில் புரதம் செய்கிறாள். சாப்பிடுவதற்கு அல்ல. இயற்கையில் இல்லாத புரதம் ஒன்றைத் திரையில் வரைந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் மிதக்கிற எண்ணெயை அது கடித்துத் துண்டாக்குமா என்று கணக்குப் போடுவாள். கடிக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினாள். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அதைப் படிக்க ஆளில்லை. அவள் வேலை பார்க்கிற ஆராய்ச்சி ஆபீசிலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே கட்டுரையைப் படிப்பதில்லையாம். அதன் பக்கத்தில் இருக்கிற வண்ணச் சக்கரத்தைத்தான் பார்ப்பார்களாம். இணையத்தில் எத்தனை பேர் கட்டுரையின் லிங்கைப் போட்டுப் பேசினார்களோ, அதற்குத் தக்கபடி சக்கரத்தின் நடுவில் ஓர் எண் வரும். மதிக்கு வந்தது இரண்டு. இந்த மாதத்துக்குள் ஏறாவிட்டால் அவளுடைய ஒப்பந்த வேலை அவ்வளவுதான் என்று இயக்குநர் அருள்நாதன் சொல்லிவிட்டார். பெரிய மனிதர். படிக்கிற சிரமமில்லாமல் படிப்பை அளக்கிறார்.

"அந்த ரெண்டு யாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு நானு. இன்னொண்ணு என் தோஸ்து நவ்ரீன்."

"எங்க யார்டு வாட்சப் குரூப்புல தட்டி வுடவா?"

"வாட்சப்லாம் கணக்குல வராது நைனா. நீ சும்மா இரு."

எப்படிச் சும்மா இருப்பது? எங்கள் பக்கம் காதுகுத்தானாலும் சாவானாலும் ஊர் பார்க்க வேண்டுமென்றால் பேனர் கட்ட வேண்டும். யார்டில் லோடு இறக்கிய கையோடு கல்மண்டபம் போய் பேனர் அடிக்கிற ஜுபைரைப் பார்த்தேன்.

"இன்னா மாமு, பொண்ணுக்குக் கண்ணாலமா?"

"கட்டுரை."

"அதுக்கும் அடிச்சிடலாம். வாழ்த்துறவன் மூஞ்சியெல்லாம் அனுப்பு."

வாழ்த்துகிறவன் மூஞ்சி இல்லாமல் பேனர் ஏது? யார்டு ஆட்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடியோடு பேனரில் ஏறினார்கள். பாக்சிங் கிளப் தீனா, "புரோட்டீன் மேட்டரு, நாங்க இல்லாமலா?" என்று தன் பசங்களோடு சட்டையில்லாமல் வந்தான். நடுவில் மதி. அவள் தலைக்குப் பின்னால் ஒரு சிங்கம். அது ஜுபைரின் அன்பளிப்பு. கீழே, 'எண்ணெயைக் கடிக்க வந்த வடசென்னைச் சிங்கமே!' ஓரத்தில், பெட்டிக்கடையில் ஸ்கேன் பண்ண ஒட்டியிருக்குமே, அந்தக் கட்டம். போனைக் காட்டினால் கட்டுரை திறக்கும்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய மதி, ஸ்டாப்பில் நாங்கள் கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள்.

"மானமே போச்சு! கயட்டு நைனா, இப்பவே கயட்டு!"

கழற்றினேன். ஆனால் அதற்குள் ஒரு புண்ணியவான் படம் பிடித்து, 'விஞ்ஞானத்துக்கும் சிங்கம் வந்துவிட்டது, சிரியுங்கள்' என்று கட்டுரை லிங்கோடு இணையத்தில் போட்டுவிட்டான். ஊரே சிரித்தது, லிங்கோடு. சிரித்தவர்களைச் சிலர் திட்டினார்கள், லிங்கோடு. அந்தப் புரோட்டீன் பவுடர் கிலோ என்ன விலை என்று ஒருவர் கேட்டார், அவரும் லிங்கோடு. ஒரு செய்தித்தளம் இதையெல்லாம் எடுத்துச் செய்தியாகப் போட்டது. சக்கரத்துக்குச் சிரிப்பும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். எண் நூறைத் தாண்டி ஓடியது.

"இவ்ளோ பேர்ல ஒருத்தனாச்சும் படிச்சானா?" என்று மதியைக் கேட்டேன்.

"தெரில. மூணாம் பக்கத்துல ஒரு படம் தலைகீயா கீது. எவனும் கேக்கல."

அருள்நாதன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். வேலையை ஒரு வருஷம் நீட்டித்தார். அறிவியலை மக்களிடம் கொண்டுபோனாள் என்று அவர் சொல்ல, ஆபீசே கைதட்டியதாம்.

அன்று மதி வீட்டுக்கு வந்து சோறு தின்றாள். கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, அந்தச் சிங்கம் ஜுபைர் பாய்கிட்ட இன்னும் கீதா?"

"இன்னாத்துக்கு?"

"அடுத்த கட்டுரை வருது. சார் அதே மாதிரி பேனரு கேக்குறாரு. அவரு மூஞ்சியும் போடணுமாம்."