நாலு ஒன்பதுக்கு அப்பால் மருதமலை

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவோர் சங்கத்துக்கு அன்று தலைவர் தேர்தல். லட்சுமணசாமிக்கு இந்த முறையும் அந்த நாற்காலி வேண்டும். பம்ப் கம்பெனி முதலாளி என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேப்டன் என்றால் குளியலறையிலிருந்தும் பதில் வரும். அசல் விமானத்தில் பயணியாக ஏறினால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிற ஆசாமி. ஆனால் பீளமேட்டு வீட்டு மாடியில் பெரிய பெரிய திரைகள், அசல் சீட் பெல்ட், தோளில் நான்கு தங்கப் பட்டை.

வாக்குகளை அள்ளுவதற்காகவே புதிதாக ஒரு வானிலை சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தார். விமான நிலையத்தின் வானிலை அறிக்கையைப் படித்து, வெளியே இருக்கிற மேகம், காற்று, மூட்டம் அத்தனையையும் திரைக்குக் கொண்டுவந்துவிடுமாம்.

"வானத்துல இருக்கறதெல்லாம் இதுல இருக்கும். இதுல இல்லாதது வானத்துலயும் இல்லீங்க," என்று கூடியிருந்தவர்களுக்கு அறிவித்தார்.

சங்கத்தில் ஒரு வழக்கம். திரையின் ஓடுதளத்தில் நின்று, மேற்கே மருதமலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் யாரும் கிளம்புவார்கள். கேப்டன் கை கூப்பினார். மலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையையே பால் பாயசத்தில் முக்கி எடுத்தது போல ஒரே வெள்ளை.

ஜன்னலிலோ, மழை கழுவிவிட்ட மலை மடிப்பு மடிப்பாக நின்றது. காபி கொண்டுவந்த மனைவி வெங்கடலட்சுமி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எதைப் பாத்துக் கும்புடறே?"

"மருதமலையைத்தானுங்க."

"இன்னைக்கு அது தெரியாது. கீழ போ."

தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற பல் டாக்டர் மோகனப்பிரியா எழுந்தார். "ஏனுங்க கேப்டன், அறிக்கைல பார்வை தூரம் எவ்வளவு போட்டிருக்குதுங்க?"

"நாலு ஒம்பது. 9999 மீட்டர், பத்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கம்மி. அதுக்கு மேல ஈ, எறும்புகூடத் தெரியாதுங்க அம்மணி."

"அது அளவு இல்லீங்க. பத்து கிலோமீட்டர் தெரிஞ்சாலும், அதுக்கு மேல எத்தனை தூரம் தெரிஞ்சாலும், நாலு ஒம்பதுதான் போடுவாங்க. உங்க சாஃப்ட்வேர் அதை எழுத்துக்கு எழுத்து நம்பி, பத்தாவது கிலோமீட்டர்ல படுதா கட்டிப்போட்டுது. மலை படுதாவுக்குப் பின்னால இருக்குதுங்க."

"அப்ப விமான நிலையத்துக்காரங்க பொய் சொல்றாங்களா?"

"அவங்க சரியாத்தான் சொல்றாங்க. ஜன்னலைப் பாருங்க."

கேப்டன் பார்த்தார். முகம் சுருங்கியது. "ரசாக், ஜன்னல் துணியை இழுத்துவிடுங்க. கண்ணு கூசுது."

கம்ப்யூட்டர் கடை ரசாக் இழுத்துவிட்டார். மலையின் ஒரே சாட்சியும் போயிற்று. கீழேயிருந்து பிரியாணிக்குத் தம் உடைக்கிற வாசனை மட்டும் மாடியேறி வந்தது. சமையல் கேப்டனுடைய செலவு.

"மலை தெரியுதுங்கறவங்க டாக்டருக்குக் கை தூக்கலாமுங்க," என்றார் கேப்டன், வாசனை நன்றாகப் பரவியபின்.

டாக்டரின் கை உயர்ந்தது. ரசாக்கின் கை பாதி உயர்ந்து, கேப்டனின் கண்ணைச் சந்தித்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மற்ற கைகள் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தன. காலங்காலமாக நிற்கிற மருதமலை அன்று டெபாசிட் இழந்தது. கேப்டன் தாமே வாங்கி வைத்திருந்த மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மோகனப்பிரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்கீங்க அம்மணி? சாப்பிட்டுட்டுப் போலாமுங்க," என்றார் வெற்றிபெற்ற பெருந்தன்மையுடன் கேப்டன்.

"மருதமலைக்குங்க. இருக்குதான்னு பாத்துட்டு வாரேன்."

படியில் பின்னாலேயே வந்த ரசாக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருந்துச்சுன்னா எனக்கு மட்டும் ஒரு போன் போடுங்க டாக்டரே."