என்ன வாக்குக் கொடுத்தேன்?

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே பிழைத்தவர். அதாவது, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கியவர். லைசென்ஸ் டெஸ்ட் நாட்களில் மாணவன் அதிகாரியோடு வண்டியில் போவான். இவர் மரத்தடியில் உட்கார்ந்து பதற்றம் தணிய ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். கை நடுக்கம் நிற்கும், அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யாது.

ஓய்வு பெற்றபின் அதைத் தொடவில்லை. மனைவிக்கு இதய ஆபரேஷன் என்று குறித்த நாளில்தான், எழுபத்தாறு வயதில், அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி மறுபடி வாங்கினார்.

"டெஸ்ட் எனக்கா, உங்களுக்கா?" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவள். "கை ஆடற ஆட்டத்தைப் பாரு! ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்து ஒழுங்கா உட்காருங்க."

போட்டார். வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்தது காலிக் கட்டில்தான். ஆபரேஷனுக்குப் போனவள் திரும்பவில்லை.

அவளுடைய செருப்பையும் கண்ணாடியையும் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவரப் போனபோது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ரெண்டு பேரும் என்ன பேச்சு, என்ன சிரிப்பு! கடைசியா அம்மா உங்க கையைப் பிடிச்சு என்னமோ கேட்டாங்க. நீங்க சத்தியமா செய்யறேன்னு சொன்னீங்க."

"என்ன கேட்டா?"

"என்னங்கய்யா, உங்ககிட்ட கேட்டதை எங்கிட்ட கேக்கறீங்க?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "கண்ணு பட்டுடும் போல இருந்துச்சுங்க. காது மெஷினைத்தான் கழட்டி வெச்சிருந்தேன்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "மாத்திரை அதேதான் ஐயா, மூளைதான் அதே மூளை இல்ல. வயசானா அதே அளவு பல மடங்கு வேலை செய்யும். உடம்பும் அதைச் சீக்கிரம் வெளியேத்தாது. முழிச்சிருப்பீங்க, பேசுவீங்க. மனசுல மட்டும் பதியாது."

"நல்லா யோசிச்சா ஞாபகம் வருமா?"

"மறந்திருந்தா வரும். இது உள்ளேயே போகலையே."

மறுநாளிலிருந்து அவர் வேலையில் இறங்கினார். சரிபண்ணச் சொல்லி அவள் பல்லவி பாடிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குப் போன் போட்டு, "எப்படிடா இருக்கே?" என்றார். தம்பி பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றான். பிறகு மீசையை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் அந்த மீசைக்கும் ஏழாம் பொருத்தம்.

அவரைப் பார்க்க வந்த மகள் கதவைத் திறந்து, யாரோ என்று ஒரு அடி பின்வாங்கினாள். "அப்பா! என்ன இது?"

"கேட்டிருப்பாளோன்னு."

"சாகப் போற நேரத்துலயா மீசையைப் பத்திப் பேசுவாங்க?"

"உங்கம்மா பேசுவா." வெறும் உதட்டின் மேல் கை தடவியது. "எதுன்னு தெரியலம்மா. எல்லாத்தையும் செஞ்சிட்டா அதுல அதுவும் இருக்கும்ல? ஏமாத்திட்டேன்னு அவ நெனைச்சிடக் கூடாது. வேற என்னல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

மகள் சன்னலைப் பார்த்தாள். "எங்கிட்ட போன்ல சொன்னாங்கப்பா. உங்களை எங்கூட வந்து இருக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்னு."

'வீட்டுல நல்லா ஓட்டிப் பழகினேன் சார்' என்று சொல்லும் எத்தனை முகங்களைப் பார்த்தவர் அவர்! பொய் எந்தக் கியரில் வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கினார். ஒருவேளை அதுவாகவும் இருக்கலாமே.