ஷெல்லுக்குப் போட்ட வேஷம்

ரோஹிணிக்குத் தூக்கம் கெட்டுப் பல நாளாயிற்று. கல்கத்தா சால்ட் லேக் செக்டர் ஃபைவில் அவள் சேர்ந்திருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் ப்ரொபேஷன் காலம் துர்கா பூஜை விடுமுறையோடு முடிகிறது. வேலை நிலைக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று மேனேஜர் வெங்கடநாராயணனுடையது, மற்றது டெக்னிகல் தலைவர் பாக்சியுடையது. கிடைக்காவிட்டால் வேறு வேலை தேடிப் பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதே ஊரில் டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அவளுக்குக் கொடுத்த வேலை சொல்வதற்குச் சுலபம்: எல்லா விண்டோஸ் மெஷினிலும் புரோகிராமர்கள் கட்டளை அடிக்க ஒரே ஷெல் புரோகிராமைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும்.

ஆனால் வெங்கடநாராயணன் டாஸ் காலத்து மனிதர். கறுப்புத் திரையில் C:\> என்று பார்த்தால்தான் அவருக்குக் காலைக் காபியே இறங்கும். ஆபீஸே பாக்சிதா, அதாவது பாக்சி அண்ணா, என்று அழைக்கும் தலைவரோ யூனிக்ஸில் ஊறியவர். சி ஷெல்லின் % குறி இல்லாத திரையை அவர் திரை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இருவரும் டீக்கு டீ சண்டை போட்டார்கள். கல்கத்தாவில் ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பிப்பது முடிவெடுப்பதற்காக அல்ல, பேசுவதற்காக. அந்த விஷயத்தில் வெங்கடநாராயணன் பாக்சிதாவையே மிஞ்சிவிட்டார்.

பொறுத்துப் பார்த்த ரோஹிணி ஒரு காரியம் செய்தாள். கிளையன்ட் அனுப்பிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் பாஷ் என்ற மூன்றாவது ஷெல்லுக்காக எழுதப்பட்டவை. அதையே சத்தம் போடாமல் எல்லா மெஷினிலும் ஏற்றினாள். மேனேஜரின் திரையில் மட்டும் C:\> என்று வரவைத்து, காப்பி, டெலீட் என்று அவர் அடிக்கும் டாஸ் கட்டளைகளுக்கெல்லாம் மாற்றுப்பெயர் கொடுத்தாள். பாக்சிதா திரைக்கு % வைத்து, அவர் பழக்கக் கட்டளைகளையும் செய்து கொடுத்தாள். உள்ளே ஓடுவது பாஷ் என்று தெரியாமல், இருவருமே தன் ஷெல்தான் ஜெயித்தது என்று மீசையை முறுக்கிக்கொண்டார்கள்.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்தது. விஜயதசமிக்குப் பிறகு வங்காளிகள் பகையை மறந்து கட்டித் தழுவிக்கொள்வார்கள். பாக்சிதா சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து மேனேஜரை இறுக அணைத்தார். வெங்கடநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாக்சிபாபு, நான் ரொம்ப அடம் பிடிச்சுட்டேன். இனிமே உங்க ஷெல்தான்."

"நா, நா, வெங்கட்பாபு! வேண்டவே வேண்டாம், இனிமே உங்களோடதுதான்!"

அன்று விட்டுக்கொடுப்பதில் சண்டை வந்தது. கடைசியில் ஒருவர் நாற்காலியில் மற்றவர் போய் உட்கார்ந்தார். குட்டு உடைந்துவிடுமே என்று ரோஹிணி சந்தேஷை வைத்துவிட்டு அவர்கள் பக்கம் ஓடினாள்.

மேனேஜர் மெஷினில் பாக்சிதாவின் விரல் பழக்க தோஷத்தில் ls என்ற யூனிக்ஸ் கட்டளையைத் தட்டியது. டாஸுக்கு அந்த வார்த்தை தெரியாது. திரையோ ஒழுங்காகக் கோப்புகளை வரிசையாகக் காட்டியது.

"ஏ கீ? இதென்ன?" என்று நிமிர்ந்தார். இருவரும் சேர்ந்து தோண்டியதில் பாஷ் வெளியே வந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?" என்று மேனேஜர் கத்தினார். "எங்களப் பாத்தா எப்படித் தெரியறது உனக்கு? கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!"

பாக்சிதாவும் தலையாட்டினார். முதல் தடவையாக இருவருக்கும் ஒரே கருத்து. ரோஹிணி பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவும் சாக்கில் அழுதாள்.

மத்தியானம் வெங்கடநாராயணன் அவள் மேஜைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாருக்கும் அந்த பாஷே இருக்கட்டும். என் மெஷின்ல மட்டும் அந்த C:\> அப்படியே இருக்கட்டுமே. பாக்சிக்குத் தெரிய வேண்டாம்."

அவர் போன சூட்டோடு பாக்சிதா மாடிப்படியில் அவளை மடக்கி, வங்க மொழியில் கிசுகிசுத்தார். தன் % குறியை எடுத்துவிடாதே, மேனேஜரிடம் மூச்சு விடாதே என்றார். ரோஹிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றாள். காகிதத்தில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பெங்களூர் போக வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.