கையா, மீனா?

பகலெல்லாம் காய்ந்து களைத்த கதிரவன் பாலத்திற்கு அப்பால் இறங்க, கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைக்க, நாள் முழுதும் நின்று சலித்த கால்கள் வீடுநோக்கித் தம்மை இழுத்துச் செல்ல, ஆறும் தன் பங்குக்குச் சோம்பலாய் நகர்ந்துகொண்டிருந்த மாலைப்பொழுதில், தமிழ்நயம் அறிந்த அன்பரே, படித்துறையின் கடைசிப் படியில் அமர்ந்திருந்த இருவரைக் காண்பீராக. ஒருவர் தூண்டிலைப் பிடித்திருந்தார். மற்றவர் கொட்டாவியைப் பிடித்துவைத்திருந்தார்.

தூண்டில் பிடித்தவர் முடிதிருத்தும் தொழில் செய்து ஓய்ந்தவர். விவரம் அறிந்த நாள்தொட்டு மீன்பிடிப்பில் மையல் கொண்டு, தம் மணநாளன்றும் விருந்தினர் உண்டு முடிக்குமுன் ஆற்றுக்கு நழுவியவராதலின், ஊரார் அவரைத் தக்கையார் என்றே அழைத்தனர். முதுமையில் வந்த கைநடுக்கம் கத்தரிக்கோலைப் பறித்துக்கொண்டு தூண்டிலை மட்டும் விட்டுவைத்தது. ஆயினும் கை நடுங்கக் கோல் நடுங்கும். கோல் நடுங்க நீர்மேல் மிதக்கும் தக்கையும் நடுங்கும். ஆட்டுவது மீனா, தம் கையா என்பது அவருக்கே விளங்காது. கோலைத் தரையில் ஊன்றிவைக்கச் சொன்னாலோ, "அது என்ன, துணி காயப்போடற கம்பா?" என்பார். படியில் வழுக்கி விழுந்தபின், துணையின்றி ஆற்றுப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதென்று மகள் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள். துணையாய் வாய்த்தவரோ அவரினும் இளைய தையற்காரர். மீனைத் தட்டில்கூட விரும்பாதவர். அவர் வாராவிடில் தக்கையாருக்கு ஆறு இல்லை.

அன்று தையற்காரர், காலைமுதல் குனிந்து தைத்து முதுகு விண்டுபோக, கண்கள் எரிய, 'நாளைமுதல் என்னால் இயலாது' என்று சொல்லிவிடும் துணிவோடு வந்து, சொல்ல நா எழாமல் இருந்தார்.

"தம்பி, பாரு. கையா, மீனா?"

தக்கை நடுங்கிற்று, பின் சட்டென்று முழுதும் அமிழ்ந்து எழுந்தது. கை அவ்வாறு செய்யாது. தையற்காரர் நன்றாகவே கண்டார். ஆனால் மீனென்றால் இழுக்கவேண்டும், கழற்றவேண்டும், அந்த மகிழ்ச்சியில் மறுபடி வீசவேண்டும். அயர்வு அவர் நாவைத் திருப்பிவிட்டது.

"கைதான்ணே. கெளம்பலாம்."

தக்கையார் நூலைச் சுருட்டினார். தூண்டில் முள் வெறுமையாய் வந்தது. கோத்திருந்த புழுவைக் காணோம். அதனையே நெடும்பொழுது நோக்கியிருந்தார், நண்பரை நோக்கவில்லை.

"ஆமா, கைதான். நாளையிலேருந்து வரவேணாம்ப்பா. எனக்கும் சலிச்சுப்போச்சு."

மறுநாள் மாலை, ஏங்கிய ஓய்வு கைகூடியும் தையற்காரருக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து தக்கையார் வீட்டிற்குச் சென்றார். கோல் பரண்மேல் ஏறியிருந்தது. தக்கையார் நடுங்கும் கையை மற்றொரு கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார்.

"காலையிலேருந்து அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடல" என்று மகள் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"நேத்து ஆடினது மீன்தான்ணே."

"தெரியும்ப்பா. புழு என்ன, தானா கழண்டு நடந்தா போயிருக்கும்?"

"அப்பறம் ஏன் நீங்களும் கைன்னு சொன்னீங்க?"

"நீ அசந்துபோயிருந்தே."

தையற்காரர் முக்காலியில் ஏறிக் கோலை இறக்கினார்.

"முதுகு வலிக்கும்டா."

"அங்க உட்காந்து வலிக்கட்டும்."

அன்று மீனொன்றும் சிக்கவில்லை. களைப்பு நீங்கியபின் அன்பு செய்வோம் என்று காத்திருந்தால், அன்பரே, உலகில் நட்பென்று ஒன்று எஞ்சாது. நாம் ஒருவருக்கொருவர் தருவதெல்லாம் பிழைப்பு உண்டு மிச்சம்வைத்த பொழுதையே. இருள் நீரைத் தொட்ட வேளையில் தக்கை மறுபடி ஆடிற்று.

"கையா, மீனா?"

தையற்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உற்று நோக்கினார்.

"கைதான்ணே" என்றார். இருவரும் எழவில்லை.