நின்றால் வரும் வலி

அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவளுக்கு உட்கார ஏது நேரம்? நாற்காலி வருகிறவர்களுக்கு, கால்கடுப்பு அவளுக்கு. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, மதியம் தாண்டினால் அடிவயிற்றின் இடப்பக்கம் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இழுத்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் போயே போச்சு. அங்கேதான் வினை.

"எங்க அண்ணிக்கு ஒரு நோய். அடுப்பைப் பார்த்தா வரும், கட்டிலைப் பார்த்தா போயிடும்" என்று நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். அந்த வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை என்றே வந்தது. கணவனும் 'எப்படி இருக்கு?' என்று கேட்பதை நிறுத்திவிட்டான். வலியைவிட அதுதான் அவளைத் தின்றது. வேலையை விட்டுவிடத் தீர்மானித்தவள், கடைசியாக ஒரு புது டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். துணைக்கு வேறு யார், நாத்தனார்தான்.

"இந்த ஸ்கேனெல்லாம் எப்படி எடுத்தாங்க?" என்றார் டாக்டர்.

"காலையில, படுக்க வச்சு."

"படுத்தா போயிடுற வலியைப் படுக்க வச்சுத் தேடினா எப்படிக் கிடைக்கும்? நாளைக்கு வேலை முடிஞ்சு நேரா வாங்க. நிக்க வச்சுப் பார்க்கலாம்."

மறுநாள் நின்றபடியே ஸ்கேன்; நாத்தனாரும் பக்கத்தில். திரையில் ரத்தக் குழாய்கள் சுருள்சுருளாகப் புடைத்திருந்தன.

"இது சினைப்பையிலேருந்து ரத்தம் மேல போற குழாய். பிள்ளைப்பேறுல விரிஞ்சது, பழையபடி சுருங்கலை. உள்ள இருக்கிற வால்வும் மூடலை. நின்னா ரத்தம் கீழ திரும்பி, கர்ப்பப்பையைச் சுத்தித் தேங்குது. படுத்தா வடிஞ்சிடும்."

"இருக்கா டாக்டர்? நிஜமாவே இருக்கா?" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்கும்மா. ஒரு சின்னத் துளை வழியா அந்தக் குழாயை அடைச்சிடலாம். ரத்தம் வேற வழியில போய்க்கும். பெரும்பாலும் நல்லாயிடும்."

வீடு வரும்வரை நாத்தனார் வாயே திறக்கவில்லை. உலக அதிசயம்தான். வாசலில் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பாச் சொல்லிட்டேன் அண்ணி. சொன்ன இடத்துக்கெல்லாம் நானே போய் மாத்திச் சொல்றேன்."

சொன்னபடியே போனாள். அந்த வாரமே அழகு நிலையத்துக்கு மூன்று பெண்கள் வந்தார்கள், முடி வெட்ட அல்ல.

"நின்னா வலிச்சு, படுத்தா போயிடுமாமே," என்றாள் மூத்தவள், குரலைத் தாழ்த்தி. "உங்க நாத்தனார் சொன்னாங்க. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதல் வேலையாக மூவரையும் உட்காரச் சொன்னாள்.